காலியாக விட்ட கட்டம்

நைரோபி,
14 பிப்ரவரி 2005

அன்புள்ள கிகோசி அண்ணனுக்கு, நபிட்டாலோ எழுதுவது. நம் ஊர் வணக்கத்தோடுதான் தொடங்குகிறேன்.

உழைப்புக்கு நன்றி, அண்ணா. அண்ணி, பிள்ளைகள், நகிகோசி அத்தை எல்லாரும் சுகமா? பஸ்ஸில் பதினாலு மணி நேரம் உட்கார்ந்து கால் வீங்கியதைத் தவிர நான் சுகமே.

ஒரு வருட ஆராய்ச்சி விருது வாங்கிய நாங்கள் பதினொரு பேர், ஏழு நாட்டிலிருந்து வந்திருக்கிறோம், உகாண்டாவுக்கு நான் ஒருத்திதான். எல்லாருக்கும் முப்பது வயதுக்குள்தான். மலாவிக்காரி ஒருத்தி ஏரி நத்தையைப் பற்றி ஆராய்கிறாள். நான் வாழை என்றதும், "வாழைக்குப் போய் ஒரு வருஷமா?" என்று சிரித்தாள். எங்கள் வீட்டில் வாழைக்காய் மட்டோக்கே வேகாத நாளைச் சாப்பிடாத நாள் என்றுதான் சொல்லுவோம் என்றேன். அப்புறம் சிரிக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் மறுபடி எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். ஒரு மரம் வாடல் நோயில் விழுந்தாலும் தோட்டம் முழுவதையும் பிடுங்கு என்பது மாவட்ட உத்தரவு. நம் மேல்தோட்டம் அப்படித்தான் போனது. நோய் வந்த மரத்தை மட்டும் தரையோடு வெட்டிவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை நெருப்பில் வாட்டினால் தூர் பிழைக்கும், பக்கக் கன்றுகள் பிழைக்கும் என்பது என் கட்சி. அதைக் காட்டத்தான் கீழ்த்தோட்டத்து அறுபது தூரை அதிகாரி விட்டுவைத்திருக்கிறார். நம் கணக்கு சரியாக வந்தால் எனக்கு இரண்டாம் வருட விருது கிடைக்கும், நம் குன்றில் மற்றவர்கள் தோட்டமும் தப்பும். வராவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தூர் தூராகப் பார்த்து, வாடிய மரம் எத்தனை என்று தாளில் எழுதுங்கள். வாழைப்பூவைக் கத்தியால் தொடாமல் கவைக்குச்சியால் ஒடியுங்கள். வேறு யாருடைய கத்தியும் உள்ளே வரக் கூடாது. ஊர்த்தலைவர் கட்டெரேகாவின் கைபேசி அவசரத்துக்கு மட்டும். தாள் எனக்குத் தாளாகவே வேண்டும், பஸ்காரரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அத்தையின் காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
நபிட்டாலோ


கிகூலா,
7 மார்ச் 2005

தங்கச்சி நபிட்டாலோவுக்கு,

உன் உழைப்புக்கும் நன்றி. நாங்கள் எல்லாரும் சுகம். அத்தையின் கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அத்தையைப் போலவே. பூச்சி புழு எண்ணுகிறவளைப் பெண் கேட்டு எவன் வருவான் என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிடுகிறாள். கேட்காத நாளில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ சொன்னபடி தோட்டத்து ஓரத்தில் அடுப்பு மூட்டிக் கத்தி வாட்டுகிறேன். கட்டெரேகா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னப்பா கிகோசி, கறி வாங்க வக்கில்லாம கத்தியையே சுட்டுத் திங்கப் போறியா?" என்றான். நானும் விடவில்லை. "உன் தோட்டத்தைத்தான் பிடுங்கிட்டாங்க, நாக்கையாவது விட்டுவச்சாங்களே" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவன் முகம் செத்துப்போனது. சாராய வாழை நாலு தூர் பின்பக்கம் ஒளித்து வைத்திருக்கிறான், அதுவும் வாட ஆரம்பித்துவிட்டது. நீ யாரிடமும் சொல்லாதே.

தாள் இதோடு இருக்கிறது. பிப்ரவரி பதினெட்டாம் தேதி இரண்டு மரம் வாடியது, மார்ச் நாலாம் தேதி ஒரு மரம். வெட்டியதும் மஞ்சளாகச் சீழ் வந்தது. தூர் நன்றாகத்தான் இருக்கிறது. பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி சின்னவனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. பார்க்காததை எப்படி எழுதுவது?

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே சோளக் களிதான் போடுகிறார்கள் என்று கேள்வி. பாவம் நீ.

அண்ணன்,
கிகோசி


நைரோபி,
21 மார்ச் 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

உழைப்புக்கு நன்றி. சின்னவன் காய்ச்சல் விட்டுவிட்டதா? அத்தைக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன், காலையில் ஒன்று.

தாள் கிடைத்தது. அதில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்று எனக்குப் புரியும், விருதுக் குழுவுக்குப் புரியாது. ஜூனில் நான் அவர்கள் முன்னால் அரையாண்டு அறிக்கை படிக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள் குறையே இல்லாத தாளோடு வந்து நிற்கிறார்கள். என்னைக் குன்றிலிருந்து வந்தவள் என்று ஏற்கனவே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இனி மழை வரட்டும், காய்ச்சல் வரட்டும், வானமே இடிந்து விழட்டும். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் உங்களிடம் கேட்பது.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. இங்கே தூக்கம் சரியில்லை.

நபிட்டாலோ


கிகூலா,
2 மே 2005

தங்கச்சிக்கு,

உன் உழைப்புக்கு நன்றி. நாங்கள் இருக்கிறோம்.

கட்டெரேகா கைபேசியில் உனக்குச் சொன்னது புதன்கிழமை காலை. ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் வந்துவிடுவாய் என்று வியாழன் முழுக்கப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை, ஏப்ரல் இருபத்திரண்டு, மத்தியானம் வரைக்கும் காத்திருந்தோம். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை, அத்தையை அடக்கம் செய்துவிட்டோம். உன் பெயரிலும் ஒரு மரப்பட்டைத் துணி போர்த்தினேன். நல்ல துணி, சிவப்பு.

இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். யாரும் பசியோடு போகவில்லை.

நாலு வாரத் தாளும் இதோடு இருக்கிறது. நீ சொன்னபடி கட்டம் எதுவும் காலியாக இல்லை.

கிகோசி


நைரோபி,
20 ஜூன் 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

உழைப்புக்கு நன்றி. அண்ணி, பிள்ளைகள் சுகமா? மே மாதத்திலிருந்து தாள் மட்டும் வருகிறது, கடிதம் வருவதில்லை. உறையைக் கவிழ்த்து உதறிக்கூடப் பார்த்தேன்.

நான் வரவில்லை. அந்த வாரம் குழுவினர் ஆய்வகத்துக்கு வந்திருந்தார்கள். விடுப்பு கேட்டால் தந்திருப்பார்களோ என்னவோ, நான் கேட்கவே இல்லை. அத்தை இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், அதை எழுத எனக்குத் தைரியமில்லை. பட்டைத் துணி போர்த்தியதற்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

பதினேழாம் தேதி அரையாண்டு அறிக்கையைப் படித்தேன். அறுபது தூர், பத்து வாரமாகப் புதிய நோய் ஒன்றுமில்லை, பூஜ்யம் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். மலாவிக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். நவம்பரில் வருவதாக இருந்த குழு இப்போது செப்டம்பர் ஒன்பதாம் தேதியே வருகிறதாம். நம் தோட்டத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார்கள். மாவட்ட அதிகாரியும் கூட வருவார், உத்தரவு நிற்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்ததே, கீழ்த்தோட்டத்தைக் காத்தது யார்? யாரும் உள்ளே இறங்கவில்லையே? எனக்காக ஒரு வரி எழுதுங்கள்.

நபிட்டாலோ


கிகூலா,
17 ஜூலை 2005

தங்கச்சிக்கு,

உன் உழைப்புக்கு நன்றி. அண்ணி சுகம். சின்னவன் வேலியில் ஏறிக் கையைக் கிழித்துக்கொண்டான், ஆறிவிட்டது. மாடு ஈன்றது, கிடாரி. மழை இந்த வருடம் முன்னாலேயே நின்றுபோனது. கட்டெரேகா மறுபடி தேர்தலில் நிற்கப் போகிறானாம், எதிர்த்து நிற்க ஆள் இல்லை, நின்றால் சிரிப்பதற்கு ஆள் இருக்கிறது.

நீ கை தட்டல் வாங்கியதில் எனக்குச் சந்தோஷம். உண்மையாகச் சொல்கிறேன்.

செப்டம்பரில் அவர்களைக் கூட்டிவர வேண்டாம். ஓடைப் பாலம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, பெரிய வண்டி வராது. நவம்பர் என்றால் நவம்பராகவே இருக்கட்டும், அல்லது அடுத்த வருடம். இந்த விருதில் ஒருத்தருக்கு ஒரு தவறு நடந்துவிட்டால், இன்னொரு வருடம் தந்து முதலிலிருந்து செய்யச் சொல்லுவார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தாள் இருக்கிறது. எல்லாம் பூஜ்யம்.

கிகோசி


நைரோபி,
27 ஆகஸ்ட் 2005

அண்ணனுக்கு,

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் மாடு ஈன்றதை எழுதினீர்கள்.

பாலம் இறங்கியிருக்கிறது என்கிறீர்கள். ஆய்வகத்துக்கு உகாண்டாவிலிருந்து சாமான் கொண்டுவரும் ஓட்டுநர் நம் பக்கத்துக்காரர். போன வாரம்கூட லாரியோடு அந்தப் பாலத்தைத் தாண்டினாராம்.

அதனால் நேற்று எல்லாத் தாளையும் மேசையில் பரப்பினேன். பிப்ரவரித் தாளில் மண் ஒட்டியிருக்கிறது, ஒரு மூலையில் வாழைக் கறை இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு வந்த தாள்கள் சலவை செய்த மாதிரி இருக்கின்றன. ஒரே பேனா, ஒரே அழுத்தம். அதுகூடப் போகட்டும். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதிக் கட்டத்தைப் பார்த்தேன். அறுபது தூரும் பார்த்தாயிற்று, வாடியது பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அன்றைக்குத்தான் அத்தையை அடக்கம் செய்தீர்கள். ஊரில் ஒரு பிணம் கிடக்கும்போது நம் குன்றில் யார் தோட்டத்தில் இறங்கி வேலை செய்வார்கள்? மண்வெட்டியைத் தொட்டாலே கிழவிகள் சும்மா விட மாட்டார்கள். செத்தவள் உங்கள் சொந்த அத்தை. நீங்கள் அன்று எண்ணவில்லை. எண்ணியிருக்கவே முடியாது. இது குழுவில் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஜூன் மாதம் படிக்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். கை தட்டலில் எனக்குக் கண் அவிந்துபோயிருந்தது.

அந்த எண்ணை நான் நாற்பது பேர் முன்னால் நின்று என் வாயால் சொல்லியிருக்கிறேன். குழு வர இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. கீழ்த்தோட்டத்தில் என்ன நடந்தது? இனி ஒரு வார்த்தை பொய் எழுதாதீர்கள்.

நபிட்டாலோ


கிகூலா,
31 ஆகஸ்ட் 2005

தங்கச்சிக்கு,

உழைப்புக்கு நன்றி என்று எழுதாமல் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. அண்ணி படித்துக் காட்டச் சொன்னாள், காட்டவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை முற்றத்தில் துக்க நெருப்பு எரிகிறது, ஜனம் வந்துகொண்டே இருக்கிறது. மேல்தோட்டம் பிடுங்கிய வெற்று நிலம். கட்டெரேகாவுக்கும் இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை, யார் ஆளுக்கொரு தார் தூக்கி வருவார்கள்? நான் சோளமாவு வாங்கிவரக் கிளம்பினேன். சமையலுக்குத் தலைமை நின்றது கட்டெரேகாவின் பெண்சாதி, இரட்டைப் பிள்ளை பெற்ற நாலொங்கோ. அவள் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம்.

"ஏம்ப்பா கிகோசி, அத்தைய மண்ணுல வைக்க வந்தவங்களுக்குச் சோளக் களியா போடப் போற? கண்ணு முன்னாடி அறுபது தூர் நிக்குது" என்றாள்.

"அது என் தங்கச்சியோடது" என்றேன்.

"உன் தங்கச்சி எங்கப்பா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீழ்த்தோட்டத்தில் இறங்கினேன், நபிட்டாலோ.

பத்தொன்பது தார் வெட்டினேன். என் கத்தி வீட்டில் எங்கோ கிடந்தது, கட்டெரேகா தன்னுடையதை நீட்டினான். சாராய வாழையைச் சீவிய கத்தி அது. எனக்குத் தெரியும். முதல் மூன்று தாருக்கு நெருப்பில் வாட்டினேன். நாலாவதுக்குள் "இன்னுமா, இன்னுமா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வாட்டவில்லை. அதற்குள் பெண்கள் வாழைக்காயைப் பொதிந்து வேகவைக்க இலை அறுக்க அவரவர் கத்தியோடு இறங்கிவிட்டார்கள். இழவு வீட்டில் யாரை நான் வெளியே போ என்பேன்?

அந்த வாரமும் அடுத்த வாரமும் நான் எண்ணவில்லை. நீ கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். பூஜ்யம் போட்டேன். அப்புறம் மே கடைசியில் ஒரு தூரில் இலை மடிந்தது. அடுத்த வாரம் மூன்று. மொத்தம் பதினொன்று. ஏற்கனவே பூஜ்யம் போட்டவன் பதினொன்று என்று எப்படிப் போடுவேன்? நீ அறிக்கை படிக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். விடியற்காலையில் போய் வாடிய மரத்தை மட்டும் வெட்டினேன், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வாட்டினேன், குழி தோண்டிப் புதைத்தேன். தூரை விட்டுவைத்தேன். ஜூலைக்குப் பிறகு புதிதாக எதுவும் வாடவில்லை. பக்கக் கன்றுகள் இப்போது என் இடுப்பு உயரம் நிற்கின்றன. எந்த வாரம் எந்தத் தூர் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. எழுதி வைக்கவில்லை. திருடன் எதை எழுதி வைப்பான்?

இதுதான் நடந்தது. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கிகோசி


நைரோபி,
4 செப்டம்பர் 2005

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டாம் தடவை நாலொங்கோ கேட்ட கேள்வியிலேயே நின்றுவிட்டேன். மூன்றாம் தடவை படித்தபோதுதான் விஷயம் உறைத்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கத்தி போன வழியில் நோய் போயிருக்கிறது. நீங்கள் வாடிய மரத்தை மட்டும் வெட்டினீர்கள், தூர் பிழைத்தது. அண்ணா, இதைத்தானே நான் காட்ட வேண்டும் என்று ஒரு வருடமாகக் கிடந்து துடித்தேன்? நோயே வராத தோட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பெரிதாகக் காட்டியிருப்பேன்? நோய் வந்து, நீங்கள் அதை நிறுத்தியும் இருக்கிறீர்கள். வாரவாரம் உண்மையான எண் மட்டும் இருந்திருந்தால் இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது. இப்போது என்னிடம் இருப்பது பூஜ்யங்களும் உங்கள் வாய்ச்சொல்லும்தான். அதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொள்ளவும் கூடாது.

குழுவுக்கு இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், ஏப்ரல் இருபத்திரண்டிலிருந்து உள்ள எண்கள் எண்ணப்பட்டவை அல்ல என்று எழுதினேன். மலாவிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதுடீ, சும்மா இரு" என்றாள். உண்மைதான், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண்ணை நம்பி இன்னொரு குன்றில் ஒருவன் இனி நோய் வராது என்று கத்தியை வாட்டாமல் வெட்டினால் அவன் பிள்ளைகளுக்குச் சோறு எங்கே?

கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதியது என் கை. அதையும் குழுவுக்கு எழுதினேன்.

அவர்கள் ஒன்பதாம் தேதி வருவது வருவதுதான், நானும் வருகிறேன். அந்தப் பதினொரு தூருக்கும் வாழைநார் கட்டி வையுங்கள். ஓடிப்போகாமல் அங்கேயே நில்லுங்கள். கேட்டதற்குத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

நபிட்டாலோ


நைரோபி,
20 அக்டோபர் 2005

அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகமா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் பொய்க் கணக்கில் சேரும்.

முடிவு வந்துவிட்டது. இரண்டாம் வருட விருது எனக்கு இல்லை, இந்த வருடத்துப் பணமும் இதோடு நிற்கிறது. நானாகவே சொன்னதால் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. நம்பத்தக்க தோட்டக் கணக்கு இருந்தால் அடுத்த சுற்றில் புதிதாக விண்ணப்பிக்கலாமாம். குழுவில் கானாவிலிருந்து வந்திருந்தாரே அந்த அம்மாள், அவர்தான் அதற்காகப் பேசினாராம். எந்தத் தூர் எந்த வாரம் விழுந்தது என்று அவர் கேட்டபோது அத்தனை பேர் நடுவில் "எனக்குத் தெரியாதும்மா" என்று நீங்கள் சொன்னீர்கள்.  அந்த ஒரு பதிலைத்தான் அவர் குறித்துக்கொண்டாராம்.

மாவட்ட அதிகாரி ஜனவரி இருபது வரை தவணை கொடுத்திருக்கிறார். அன்றைக்கு வந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் கீழ்த்தோட்டத்தோடு குன்று முழுவதையும் பிடுங்கச் சொல்லிவிடுவார்.

நான் இங்கேயே ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலையில் இருக்கிறேன். உங்களை எண்ணச் சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை, கொடுக்கக் கூலியும் இல்லை. எண்ணுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் அந்த வார்த்தையை எழுதப் பேனாவை வைத்தேன். இன்னும் வரவில்லை. வராததை எழுதி வைக்க மனமில்லை.

நபிட்டாலோ


கிகூலா,
22 ஜனவரி 2006

தங்கச்சி நபிட்டாலோவுக்கு,

உன் உழைப்புக்கு நன்றி. நீ எனக்குச் சொல்லாவிட்டாலும் நான் உனக்குச் சொல்லுவேன், அதற்குத் தடை ஒன்றும் இல்லையே. எல்லாரும் சுகம். கிடாரி துள்ளுகிறது.

நீங்கள் வந்துபோன மறுவாரத்திலிருந்து எண்ணினேன். நீ சொல்லி எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கால் தானாக இறங்குகிறது. பத்தொன்பது வெள்ளிக்கிழமை, தாள் இதோடு இருக்கிறது. மண் ஒட்டியிருக்கும், மன்னித்துக்கொள். அக்டோபரில் இரண்டு மரம், நவம்பரில் இரண்டு, அதற்குப் பிறகு இல்லை. நார் கட்டிய பதினொரு தூரும் உயிரோடு இருக்கின்றன. அதில் ஒன்று பூவே தள்ளிவிட்டது.

இரண்டு கட்டம் காலியாக இருக்கிறது. டிசம்பர் முப்பது எனக்குக் காய்ச்சல். நவம்பர் பதினெட்டு கட்டெரேகாவின் அம்மாவை அடக்கம் செய்தோம், இழவுச் சமையலுக்குத் தவிர தோட்டத்தில் யாரும் இறங்கவில்லை.

அந்த அடக்கத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவனுக்குத்தான் தார் இல்லையே. முதல் நாளே வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.  கட்டெரேகா வாய் திறக்காமல் நின்று நான் பார்த்ததே இல்லை. "வாப்பா, ஆனா கத்தியெல்லாம் என் கண்ணு முன்னாடி வரணும்" என்றேன். அவன் முற்றத்தில் துக்க நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. தார் வெட்டும் கத்தி, இலை அறுக்கும் கத்தி எல்லாம் அதில் வாட்டித்தான் வாசலைத் தாண்டின, ஒவ்வொரு தூருக்கும் திரும்பி வந்து வாட்டினார்கள். நாலொங்கோ அடுப்புப் பக்கத்தில் காவல் நின்றாள். வாட்டாமல் நழுவிய ஒரு கிழவனைப் பார்த்து, "அத்தனை அவசரம்னா உனக்கே குழி வெட்டச் சொல்லவா?" என்றாள். அதற்குப் பிறகு யாரும் நழுவவில்லை. பதினாலு தார் போனது. இன்றோடு ஒன்பது வாரம், அந்தத் தூர் ஒன்றுகூட வாடவில்லை.

நேற்று முன்தினம் அதிகாரி வந்தார். தாளை வாங்கியதும் விரல் நேராக முதல் காலிக் கட்டத்துக்குப் போனது. 

"இது என்ன?" என்றார்.

"பாக்கல. அதனால எழுதல" என்றேன்.

 தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்த் தானே எண்ணினார். இரண்டு மணி நேரம். ஊரே வேலியில் நின்றது. வெட்டிய கட்டைகளையெல்லாம் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, இந்த மாதிரித் தாள் வைத்திருக்கிற வீட்டுத் தோட்டத்தை அடுத்த விளைச்சல் வரை பிடுங்க வேண்டாம் என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அண்ணிதான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் கட்டெரேகா வந்தான். "எனக்கும் ஒரு தாள் கோடு போட்டுக் குடுப்பா" என்றான். இதுவரை பதினேழு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். காலியாக விடலாமா என்று எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

உன் விருதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இல்லை. அது என் நெஞ்சில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

கிகோசி


நைரோபி,
6 பிப்ரவரி 2006

அன்புள்ள கிகோசி அண்ணனுக்கு,

உங்கள் தாளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினேழு எண், இரண்டு காலி. அந்த இரண்டால்தான் பதினேழையும் நம்புகிறேன்.

அதை அப்படியே, மண்ணோடு, புது விண்ணப்பத்தில் வைத்துக் கட்டிவிட்டேன். தருவார்களோ மாட்டார்களோ, தெரியாது. கணக்கு எடுத்தவர் பெயர் என்று ஒரு வரி இருந்தது. போன தடவை அதில் என் பெயரை எழுதினேன். இந்தத் தடவை உங்கள் பெயரை எழுதினேன்.

வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். போன வருடம் ஏற வேண்டிய அதே பஸ். வெள்ளிக்கிழமை காலை இறங்கியதும் முதலில் அத்தையிடம் போவேன், தனியாக. எனக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம், எண்ண ஆரம்பித்துவிடுங்கள். நான் வந்து சேர்ந்துகொள்கிறேன். அண்ணியிடம் மட்டோக்கே போடச் சொல்லுங்கள்.

கடிதத்தின் தலையில் இருக்க வேண்டியது இது. இப்போதுதான் வந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

உழைப்புக்கு நன்றி, அண்ணா.

நபிட்டாலோ